எரிந்த ஏடும் எழுதிய வாக்கும்

ஆள்வோரை நம்பாமை பழங்குடி மக்களின் பிறவி இயல்பு எனக் கூறுவோர் உளர். அறியாமையே அதற்குக் காரணம் என்றும் அவர்கள் முடிவு கட்டுவர். மெக்சிகோவின் தென்பகுதியிலும் குவாத்தமாலாவிலும் வாழும் மாயா மக்களின் வரலாறு இக்கூற்றை மறுக்கிறது. ஐரோப்பியர் வருகைக்குப் பன்னூறாண்டுகள் முன்பே கல்லிலும் மரப்பட்டைத் தாளிலும் எழுதிய இனம் அது. அவர்தம் ஐயம் எழுத்தறியாமையால் விளைந்ததன்று. ஆள்வோர் எழுதித் தந்த வாக்குகள் என்னவாயின என்பதை அறிந்ததால் விளைந்தது.

ஏடுகளின் அழிவு

1562ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள் யுகாட்டானில் உள்ள மானி என்னும் ஊரில், தியேகோ தே லாந்தா என்ற பிரான்சிஸ்கன் துறவி மாயா நூல்களையும் தெய்வ உருவங்களையும் தீயிலிட்டார். மக்கள் பெரிதும் வருந்தினர் என்பதைப் பின்னர் அவரே எழுதிவைத்தார். இத்தகைய அழிவுகளுக்குத் தப்பி இன்று எஞ்சியுள்ள பழைய மாயா ஏடுகள் நான்கே.

ஆயினும் மாயர் எழுதுவதை நிறுத்தவில்லை. வென்றவரின் இலத்தீன் எழுத்துகளைக் கற்று, அவற்றாலேயே தம் மொழியில் எழுதினர். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் கிச்சே மொழியில் அவ்வாறு எழுதப்பட்டதே ‘போபோல் வூ’. எழுதியோர் தம் பெயரைக் கூறவில்லை; பழைய மூலநூல் இனிக் காண்பதற்கில்லை என்று மட்டும் குறித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிமேனெஸ் என்ற பாதிரியார் எடுத்த படியின் வழியே அந்நூல் உலகிற்குக் கிடைத்தது. யுகாட்டான் மாயரும் ‘சிலாம் பாலாம்’ நூல்களை ஊர்தோறும் காத்து, மீண்டும் மீண்டும் படியெடுத்து வந்தனர். ஆள்வோரின் கண்ணுக்கு மறைவாக நூலைக் காப்பதே ஒரு மரபாயிற்று.

யுகாட்டான் தந்த பாடம்

எசுப்பானிய ஆட்சி நீங்கியபின்னும் நிலை மாறவில்லை. யுகாட்டானில் அதிகாரத்திற்காகப் போரிட்ட வெள்ளையர் அணிகள் மாயரின் கையில் படைக்கலம் தந்தன. 1839இல் கிளர்ச்சி செய்த சந்தியாகோ இமான், தேவாலய வரியிலிருந்து விடுதலை தருவதாக வாக்களித்தார். வெற்றி வந்தது, வாக்கு நிறைவேறவில்லை. மாறாக, ‘தரிசு’ எனப் பெயரிட்டு மாயரின் ஊர்ப்பொது நிலங்கள் தனியாருக்கு விற்கப்பட்டன. 1847இல் மாயர் தமக்காகவே படைக்கலம் ஏந்தினர். ஆளும் வகுப்பார் அதற்கு இட்ட பெயர் ‘சாதிப் போர்’.

1848 ஏப்ரலில் மாயர் தலைவர் ஹசிந்தோ பாத் அரசுடன் உடன்படிக்கை செய்தார். மற்றொரு தலைவரான செசிலியோ சீ அதனை ஏற்கவில்லை. உடன்படிக்கை முறிந்தது; மறு ஆண்டில் பாத் தம்மவராலேயே கொல்லப்பட்டார். ஆள்வோர் மீது எழுந்த ஐயம் தம்முள்ளும் பிளவை உண்டாக்கிற்று என்பதை மறைத்தல் வரலாறாகாது. ஆனால் அதன்பின் சிறைப்பட்ட மாயர் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு விற்கப்பட்டனர். 1861இல் மெக்சிகோ அரசு தடுக்கும் வரை அவ்வணிகம் நடந்தது. ஐயமுற்றோரின் அச்சம் வீணன்று என்பதற்கு இதுவே சான்று.

குவாத்தமாலாவின் கைச்சுவடி

குவாத்தமாலாவில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, ‘முன்னேற்றம்’ என்னும் பெயரால் சட்டம் வந்தது. 1877இல் பாரியோஸ் ஆட்சி மாயா ஊர்களிலிருந்து கட்டாயமாக ஆளெடுக்க வழிசெய்தது. 1934இல் உபிகோ ஆட்சி கடனடிமை முறையை ஒழிப்பதாக அறிவித்தது. உடனே நாடோடித் தடைச் சட்டத்தைக் கொணர்ந்தது. போதிய நிலமில்லாத உழவர் ஆண்டுக்கு நூறு அல்லது நூற்றைம்பது நாள் பிறர் நிலத்தில் உழைத்து, அதற்குச் சான்றாகக் கைச்சுவடி ஒன்றைச் சுமந்து திரிய வேண்டியதாயிற்று. முன்னோரின் நூலை இழந்த மக்களுக்கு அரசு தந்த நூல் அது!

1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இருநூறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். அடையாளம் காணப்பட்டோருள் 83 விழுக்காட்டினர் மாயர் என 1999இல் உண்மை அறியும் ஆணையம் அறிவித்தது. போர்க்கால ஆட்சியாளர் ரியோஸ் மோன்ட் 2013 மே 10 அன்று இனப்படுகொலைக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டார். பத்தே நாளில் அத்தீர்ப்பை அரசமைப்பு நீதிமன்றம் நீக்கியது.

மறுத்த கவிஞர்

கிச்சே மொழிக் கவிஞர் உம்பெர்த்தோ அக்கபால் 2004இல் நாட்டின் தேசிய இலக்கியப் பரிசை ஏற்க மறுத்தார். பரிசு, 1967இல் நோபல் பெற்ற மிகெல் ஆங்கெல் அஸ்துரியாசின் பெயரைத் தாங்கியது. அஸ்துரியாஸ் ‘போபோல் வூ’வை எசுப்பானியத்திற்குக் கொணர்ந்தவர்; மாயர் தொன்மங்களைப் புதினமாக்கியவர். எனினும் 1923இல் அவர் எழுதிய ஆய்வேடு பழங்குடியினரைத் தாழ்த்தி, ஐரோப்பியரைக் குடியேற்றி அவ்வினத்தைத் ‘திருத்த’ வேண்டும் என்றது. அந்த ஏட்டை அக்கபால் மறக்கவில்லை.

இதனைப் பகை எனல் எளிது. ஆனால் மறதியின் மேல் எழுப்பப்படும் இணக்கம் நிலைப்பதில்லை. மாயரின் ஐயம் நினைவின் மறுபெயர். அதனைப் போக்கும் கடமை ஐயுறுவோருக்கு உரியதன்று, வாக்களித்தோருக்கே உரியது. அதுவரை அந்நினைவைக் காப்பது, மானியில் எரிந்த ஏடுகளுக்குப் பின்னும் எழுதிய பெயரறியாப் புலவர்களின் வழிவந்தோர் பணி.