நாமம், மொட்டை, கோவிந்தா!

இங்கே அலுவலகத்தில் இரண்டு ரஷ்யர்கள் இருக்கிறார்கள். கரடி ஜோக் சொன்னால் ஒருவர் சிரிப்பார், இன்னொருவருக்குக் கோபம் வரும். கோபத்திலும் நியாயம் உண்டு. ரஷ்யாவின் அரசுச் சின்னம் இரட்டைத் தலைக் கழுகு. கரடியை அந்த நாட்டின் தலையில் கட்டியதில் பெரும்பங்கு வெளியாருடையது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் 'பஞ்ச்' இதழ் போன்றவை ரஷ்யாவைக் கரடியாக வரைந்து தள்ளின. பிறகு 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸில் ரஷ்யர்களே 'மிஷா' என்ற கரடிக்குட்டியைச் சின்னமாக்கிக் கொண்டார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் மத்ரியோஷ்கா பொம்மையும் பழங்காலத்துச் சங்கதி இல்லை. 1890-களில் மாஸ்கோவில் கடைந்து வண்ணம் தீட்டப்பட்டு, 1900 பாரிஸ் கண்காட்சிக்குப் போய்ப் பிரபலமானதுதான்.

இதைப் படித்தபோது எனக்கு நம்மூர் ஞாபகம்தான் வந்தது. நான் சித்தூர்க்காரன், வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கு. ஆந்திர அரசின் சின்னம் அமராவதிச் சிற்பங்களில் வரும் பூர்ண கும்பம். தெருவில் போகிற எத்தனை பேருக்கு அது தெரியும்? லட்டைக் காட்டினால் குழந்தைகூடத் 'திருப்பதி' என்று சொல்லிவிடும். அந்த லட்டுக்கு 2009-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. 2024 செப்டம்பரில் அதன் நெய்யில் கலப்படம் என்று குற்றச்சாட்டு எழுந்தபோது விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், தனி விசாரணைக் குழுவே அமைக்கப்பட்டது. அதிகாரபூர்வமற்ற சின்னத்துக்கு இருக்கும் பலம் அவ்வளவு!

ஆனால் நான் சொல்ல வந்தது லட்டைப் பற்றி அல்ல, தமிழில் திருப்பதி படும் பாட்டைப் பற்றி. ஏமாற்றினால் 'நாமம் போட்டுட்டான்'. இருப்பதையெல்லாம் பிடுங்கிக் கொண்டால் 'மொட்டை அடிச்சுட்டான்'. கொடுத்த கடன் திரும்பி வராது என்றால் 'பணம் கோவிந்தா'. (சவ ஊர்வலத்திலும் கோவிந்தா போடும் வழக்கம் உண்டு என்பதால் கடைசிச் சொல்லுக்குக் கனம் கொஞ்சம் கூடுதல்.) மலையேறிப் போய் பக்தியோடு செய்கிற மூன்று காரியங்களும் ஊருக்குத் திரும்பியதும் பணம் தொலைந்ததற்கான மூன்று சொற்களாகிவிட்டன. திருப்பதி என்றால் போட்ட காசு திரும்பாத இடம் என்பது நம் பேச்சுக்குள்ளேயே ஊறிப்போன முத்திரை.

வரலாறு என்ன சொல்கிறது? திருமலை, திருப்பதி கோயில்களில் ஆயிரத்துக்கு மேல் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன, விஜயநகரக் காலத்தவைகூட. அந்தக் கல்வெட்டுகளை வைத்துப் பர்ட்டன் ஸ்டெய்ன் என்ற அமெரிக்க வரலாற்றாய்வாளர் 1960-இல் ஒரு கட்டுரை எழுதினார். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் ஒருவர் கோயிலுக்குப் பணம் கொடுத்தால் அது பெட்டியில் தூங்கவில்லை. கோயிலுக்குச் சொந்தமான ஊர்களில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் போனது. தண்ணீர் வந்ததும் விளைச்சல் கூடியது. கூடுதலாக விளைந்ததிலிருந்து கொடுத்தவர் பெயரில் பெருமாளுக்குத் தினமும் அமுதுபடி நடந்தது. அப்பம், அதிரசம், வடை, சுகியன், மனோகரம் என்று கல்வெட்டுகளில் வரும் பட்டியலைப் பார்த்தால் பசி எடுக்கும் :-)

படைத்ததில் நாலில் ஒரு பங்கு கொடுத்தவருக்கே திரும்பியது. அதற்கு 'விட்டவன் விழுக்காடு' என்று அழகான தமிழ்ப் பெயர். தனக்கு வேண்டாம் என்றால் அந்தப் பங்கை வேறொருவருக்கோ ஒரு மடத்துக்கோ எழுதி வைக்கலாம். ஆக, போட்ட காசு கால்வாயாகி, நெல்லாகி, பிரசாதமாகித் திரும்பியது. 'கோவிந்தா' ஆகவில்லை!

இந்தக் கல்வெட்டுகள் தமிழில் இருப்பதைக் காட்டி 'அப்படியானால் திருப்பதி எங்களுடையது' என்று கிளம்புவோரும் உண்டு. அந்தச் சண்டையும் பழையதுதான். வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் தாலுகாக்களைச் சேர்த்து 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953-இல் ஆந்திரா பிரிந்தபோது மாவட்டம் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை எல்லாம் முடிந்து 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. திருப்பதி ஆந்திராவிலேயே இருந்தது, 2022-இல் தனி மாவட்டமாகவும் ஆனது.

கோடு போட்ட பிறகும் வாய் நிற்கவில்லை. இந்தப் பக்கம் 'கொல்ட்டி', அந்தப் பக்கம் 'அரவவாடு'. எங்கள் சித்தூர்த் தெலுங்கைக் கேட்டுக் கடலோர ஆந்திராக்காரர்கள் சிரிப்பார்கள், எங்கள் தமிழைக் கேட்டுச் சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம் நாங்கள். 2021-இல் 'புஷ்பா' வந்தபின் அதே சித்தூர்ப் பேச்சு கதாநாயகனின் பேச்சாகிவிட்டது. கூடவே 'சித்தூரா? செம்மரமா?' என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டது.

சிரிப்பு இத்தோடு நின்றால் பரவாயில்லை. செம்மரம் இயற்கையாக வளர்வது சேஷாசலம் மலைகளிலும் அதை ஒட்டிய மாவட்டங்களிலும்தான். கொலுவில் வைக்கும் மரப்பாச்சிப் பொம்மை அந்த மரத்தில் செய்ததுதான். ரஷ்யருக்கு மத்ரியோஷ்கா என்றால் நமக்கு மரப்பாச்சி. அதே மரத்துக்காக, 2015 ஏப்ரல் 7 அன்று, சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகள். கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது காவல்துறை. போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

அந்த நாட்களில் ஒரு பக்கத்தில் அவர்கள் 'தமிழ்க் கடத்தல்காரர்கள்', இன்னொரு பக்கத்தில் சுட்டவர்கள் 'தெலுங்கர்கள்'. வெட்டச் சொன்ன முதலாளி யார், மரத்தைக் கடல் கடந்து விற்றவன் யார் என்ற கேள்விகள் பின்னால் போய்விட்டன. முத்திரையின் வசதியே இதுதான். முகத்தைப் பார்க்காமல் முடிவுக்கு வந்துவிடலாம்.

லட்டும் மரப்பாச்சியும் இருக்கட்டும், அவை நாமே ஆசையாகச் சூட்டிக்கொண்ட சின்னங்கள். கரடியைப் போல அடுத்தவன் தலையில் கட்டுகிற முத்திரைகளைத்தான் அவ்வப்போது சுரண்டிப் பார்க்க வேண்டும். 'கோவிந்தா'வைச் சுரண்டினால் அடியில் ஒரு கால்வாய் தெரிகிறது. 'கொல்ட்டி'யையும் 'அரவவாடு'வையும் சுரண்டினால் அரை நாள் பயணத்தில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் தெரிவார். உங்கள் ஊருக்கும் இப்படி ஏதாவது முத்திரை இருக்கும். அதைக் குத்தியது யார் என்று ஒருமுறை தேடிப் பாருங்களேன்.