கடிகாரத்துக்குப் பக்கத்து குட்டிச்சாத்தான்கள்

உங்க விண்டோஸ் திரையின் வலதுபக்கக் கீழ்மூலையை ஒரு தடவை பாருங்க. கடிகாரம் இருக்கும். பக்கத்தில் ஸ்பீக்கர், வைஃபை, அதுக்கும் பக்கத்தில் சின்னதா ஒரு அம்புக்குறி. அதைக் கிளிக்கினால் நாலைந்து குட்டிப் படங்கள் எட்டிப்பார்க்கும். அதில் சிலது கம்ப்யூட்டரோடு வந்தது. சிலது நாமளே தேடிப்பிடிச்சு, காசு கொடுக்காம இறக்கி வெச்சது. இந்தப் பதிவு அந்த ரெண்டாவது ரகத்தைப் பற்றி.

'கம்ப்யூட்டரில் வேகமா வேலை பார்க்க பத்து இலவச மென்பொருட்கள்' மாதிரி லிஸ்ட் ஏகப்பட்டது கிடைக்குது. பதினோராவதா ஒண்ணு போடும் உத்தேசம் எனக்கு இல்லை. இந்தக் குட்டிச்சாத்தான்களை யார் எழுதினாங்க, எதுக்கு எழுதினாங்க, கடைசியில் அதுங்க என்ன ஆச்சு? இதைத்தான் கொஞ்ச நாளா நோண்டிக்கிட்டு இருந்தேன். நோண்ட நோண்ட ஒரே கதைதான் வேற வேற வேஷத்தில் வருது. இயங்குதளம் செய்யறவங்க மனசுல ஒரு 'சராசரி ஆள்' இருக்கார். அவருக்கு எது வசதியோ அதுதான் டீஃபால்ட். நீங்க அந்த ஆள் இல்லைன்னா உங்களுக்கு ஒரு குட்டிச்சாத்தான் தேவைப்படும்.

பொம்மைப் பெட்டி

விண்டோஸ் 95 வெளியானது 1995 ஆகஸ்ட் 24. அதுக்குப் பின்னாடியே மைக்ரோசாஃப்ட் ஒரு இலவசத் தொகுப்பை வெளியிட்டது. பேரு 'பவர்டாய்ஸ்'. விண்டோஸை எழுதின ஆட்களே தங்களோட சோதனைக்கும் சௌகரியத்துக்கும் எழுதி வெச்சிருந்த துணுக்கு நிரல்கள்தான் அதில் முக்கால்வாசி. 'இதுக்கெல்லாம் நாங்க சப்போர்ட் கொடுக்க மாட்டோம், உங்க பொறுப்பு' என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. பொம்மைன்னு பேரு வெச்சதில் இருக்கும் சாமர்த்தியத்தைப் பாருங்க. பொம்மை உடைஞ்சா யாரும் கேஸ் போட மாட்டாங்க இல்லையா :-)

உள்ளே இருந்ததெல்லாம் விளையாட்டு இல்லை. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணாமலே திரையின் ரெசல்யூஷனை மாத்த 'குவிக்ரெஸ்'. இருக்கிற ஃபோல்டரில் இருந்தே நேரா டாஸ் பிராம்ப்டைத் திறக்க ஒண்ணு. மவுஸை எந்த ஜன்னல் மேல கொண்டுபோறோமோ அதுவே தயாரா நிக்கிற யூனிக்ஸ் பழக்கத்துக்கு 'எக்ஸ்மவுஸ்'. எல்லாத்துக்கும் மேல 'ட்வீக் யூஐ'. ரெஜிஸ்ட்ரிக்குள் கையை விட்டு மாத்த வேண்டிய பல விஷயங்களை டிக் பெட்டிகளா மாத்திக் கொடுத்த மகராசன்.

விண்டோஸ் எக்ஸ்பி 2001-ல் வந்தப்போ அதுக்கும் தனியா ஒரு பொம்மைப் பெட்டி வந்தது. நாலு டெஸ்க்டாப் வெச்சுக்க ஒண்ணு, போட்டோவை ரைட் கிளிக் பண்ணி அளவைக் குறைக்க ஒண்ணு, எழுத்துக்களைக் கண்ணுக்கு இதமா ஆக்க 'கிளியர்டைப் ட்யூனர்'. அதோட நின்னது. விஸ்டா, 7, 8 எதுக்கும் பவர்டாய்ஸ் வரவேயில்லை.

உள்ளே எட்டிப்பார்த்த ரெண்டு பேர்

மைக்ரோசாஃப்டுக்கு வெளியே இன்னொரு கதை நடந்துக்கிட்டு இருந்தது. மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்று ரெண்டு பேர் 1996-ல் ஒரு இணையதளம் தொடங்கினாங்க. பின்னாடி 'சிஸ்இன்டர்னல்ஸ்' என்று பேர் வாங்கியது அதுதான். விண்டோஸ் உள்ளே என்னென்ன நடக்குதுன்னு காட்டும் குட்டி நிரல்களை இலவசமா கொடுத்தாங்க. எந்த நிரல் எந்தக் கோப்பைப் பிடிச்சு வெச்சிருக்குன்னு காட்ட 'பிராசஸ் எக்ஸ்ப்ளோரர்'. கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது கூடவே என்னவெல்லாம் எழுந்திருக்குன்னு காட்ட 'ஆட்டோரன்ஸ்'. இதையெல்லாம் இன்ஸ்டால் பண்ணக்கூட வேண்டாம். கோப்பை இறக்கு, ஓட்டு, அவ்வளவுதான்.

இந்த 'எட்டிப்பார்க்கும்' குணம் எவ்வளவு பெரிய விஷயம்னு 2005-ல் தெரிஞ்சது. அந்த வருஷம் அக்டோபர் 31-ம் தேதி ருசினோவிச் ஒரு பதிவு போட்டார். சோனி பிஎம்ஜி விற்ற இசைத்தட்டை கம்ப்யூட்டரில் போட்டா, காப்பி எடுக்காம தடுக்கிற ஒரு நிரல் உள்ளே நுழைஞ்சு தன்னை ஒளிச்சு வெச்சுக்குதுன்னு தன்னோட கருவியை வெச்சே கண்டுபிடிச்சு எழுதினார். வழக்குகள் கிளம்பி, சோனி பிஎம்ஜி அந்தத் தட்டுகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. மறு வருஷம், 2006 ஜூலையில், மைக்ரோசாஃப்ட் இவங்க கம்பெனியையே வாங்கிடுச்சு. நல்லவேளையா கருவிகள் இலவசமாவே தொடர்ந்தன.

மூணாவது ஆள் கிறிஸ் மாலட். விருப்பப்பட்ட விசைக்கு விருப்பப்பட்ட வேலையைக் கொடுக்கும் வசதியை 'ஆட்டோஇட்' என்ற நிரல்மொழியில் சேர்க்கலாம்னு யோசனை சொன்னார். அங்கே அது எடுபடலை. 'போங்கய்யா'ன்னு 2003-ல் தானே எழுதி வெளியிட்டதுதான் 'ஆட்டோஹாட்கீ'. ஒரு நாளைக்கு முப்பது தடவை அடிக்கிற வாக்கியத்தை ரெண்டு எழுத்தில் முடிச்சுக்கலாம். விசைப்பலகையில் நாம அழுத்துறது செயலிக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே நடுவில் உட்கார்ந்து மறிச்சு, வேற ஒண்ணா மாத்தி அனுப்பும். இந்த 'நடுவில் உட்காரும்' உத்தியை ஞாபகம் வெச்சுக்கோங்க. அடுத்து நம்ம கதைக்கு வேணும்.

நம்ம வீட்டுக் குட்டிச்சாத்தான்

இதுவரை சொன்னதெல்லாம் ஏற்கனவே செய்ய முடிஞ்ச வேலையை இன்னும் வேகமா, வசதியா செய்யறதுக்கு. தமிழ் எழுதறவங்களுக்கு நிலைமை வேற. வேகம் கிடக்கட்டும், வேலையையே தொடங்க முடியாத நிலை. கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து 'அம்மா'ன்னு எழுதணும்னா என்ன பண்றது?

விண்டோஸ் 2000-ல்தான் தமிழுக்கு முதன்முதலா இயங்குதளத்திலேயே இடம் கிடைச்சது. லதா எழுத்துருவும் இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையும் வந்தன. இன்ஸ்கிரிப்ட் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவா ஒரே அச்சில் வார்த்தது. நம்ம ஆட்கள் பலருக்குப் பழக்கமில்லாதது. எக்ஸ்பியில் தமிழை ஒழுங்கா பார்க்கவே கன்ட்ரோல் பேனலுக்குள் போய் ஒரு பெட்டியை டிக் பண்ணணும். உடனே 'சிடியைப் போடு'ன்னு கேட்கும். பிரௌசிங் சென்டரில் யார்கிட்டே சிடி இருக்கும்?

இத்தனைக்கும் தமிழ் ஆட்கள் அதுக்கு ரொம்ப முன்னாடியே வேலையைத் தொடங்கிட்டாங்க. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே 'முரசு அஞ்ச'லைத் தொடங்கினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து 'தமிழ்99' விசைப்பலகையைத் தமிழக அரசு தரப்படுத்தியது. 2000-ல் விஸ்வநாதனின் 'அழகி' வந்தது. 2000-களின் தொடக்கத்தில் முகுந்தராஜ் 'எ-கலப்பை'யைக் கொண்டுவந்தார்.

எ-கலப்பையின் அடியில் ஓடினது 'கீமேன்'. ஆஸ்திரேலியாவில் மார்க் டர்டின் என்பவர் 1993-ல் எழுதினது. எந்த மொழிக்காகத் தெரியுமா? லாவோ! லாவோஸ் நாட்டு மொழிக்காகச் செஞ்ச ஒரு கருவி, சுத்தி வந்து தமிழனுக்கு ஏர் ஓட்டியிருக்கு. ரெண்டு மொழிக்கும் பிரச்சினை ஒண்ணுதான். ரெண்டுமே அந்த 'சராசரி ஆள்' பேசுற மொழி இல்லை.

இது செய்யற வேலை பார்க்கத்தான் சின்னது. நீங்க 'கே'-யை அழுத்தினா 'க்' வரணும். அடுத்து 'ஓ'-வை அழுத்தினா அது 'கொ' ஆகணும். யூனிகோடில் புள்ளியை எடுத்துட்டு ஒகரக் குறியைச் சேர்த்தா போதும். அதுக்கு முந்தி புழங்கின திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேதான் எழுத்துக்களை வைக்கணும். அதனால் ஏற்கனவே அடிச்ச 'க்'-கை அழிச்சுட்டு, முதலில் கொம்பு, அப்புறம் 'க', அப்புறம் கால் என்று மூணையும் புதுசா போடணும். இது அத்தனையும் நீங்க அடுத்த விசையைத் தொடுறதுக்குள்ளே நடக்கணும். நோட்பேடிலும் நடக்கணும், வேர்டிலும் நடக்கணும், பிரௌசரிலும் நடக்கணும். நடுவில் உட்காருதல் என்றேனே, அது இதுதான்.

வேகக்கணக்கு கேட்கிறவங்களுக்காக ஒரு கணக்கு: 'அம்மா'வை இன்ஸ்கிரிப்டில் அடிக்க அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து தட்டு. தமிழ்99-ல் அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தா முதலாவதுக்குப் புள்ளியை அதுவே வெச்சிடும். தமிழின் குணம் தெரிஞ்சவங்க உட்கார்ந்து செஞ்சா இப்படித்தான் இருக்கும்.

2000-களில் எழுத வந்த நம்ம முன்னோடிப் பதிவர்கள் பெரும்பாலானவங்க இந்த மாதிரி ஏதோ ஒரு இலவசக் கருவியைத் தொட்டுத்தான் வந்திருப்பாங்க. பின்னாடி நியூ ஹொரைசன் மீடியாவின் 'என்ஹெச்எம் ரைட்டர்' வந்தது. ஆல்ட் விசையோடு ஓர் எண்ணை அழுத்தினா போதும், தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் தாவலாம். விண்டோஸிலேயே ஒலிவழித் தமிழ் விசைப்பலகை எப்போ வந்ததுன்னு தேடினேன். 2019 மே மாத அப்டேட்டில்! எ-கலப்பை வந்த காலத்தில் பிறந்த குழந்தை அதுக்குள்ளே காலேஜ் வாசலுக்கு வந்திருக்கும்.

விழுங்கினதும் விட்டதும்

இப்போ மறுபடி பொம்மைப் பெட்டிக்கு வருவோம். இன்னிக்கு 'விண்டோஸில் இருக்கு'ன்னு சாதாரணமா சொல்லும் பல வசதிகள் முன்னாடி தனிக் குட்டிச்சாத்தான்களா இருந்தவை. ஷிஃப்டை அழுத்திக்கிட்டு ரைட் கிளிக் பண்ணினா கமாண்ட் ஜன்னல் திறக்கும் வசதி விஸ்டாவில் உள்ளே வந்தது. கிளியர்டைப் ட்யூனர் 2009-ல் விண்டோஸ் 7-க்குள் வந்தது. பல டெஸ்க்டாப் வசதி 2015-ல், விண்டோஸ் 10-ல். இதை ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 'ரூம்ஸ்' என்ற பேரில் 1986-லேயே செஞ்சு காட்டியாச்சு. காப்பி பண்ணின பழைய துணுக்குகளை எல்லாம் வரிசையா காட்டும் கிளிப்போர்ட் வரலாறு 2018-ல். 'டிட்டோ' மாதிரி இலவசக் கருவிகள் அதை எத்தனையோ வருஷமா செஞ்சுக்கிட்டு இருந்தன.

எல்லாத்துக்கும் இந்த மரியாதை கிடைக்கலை. 'கூகுள் டெஸ்க்டாப்' 2004-ல் வந்தது. நம்ம ஹார்ட் டிஸ்கைத் தேடிக் கொடுத்தது. 2011-ல் கடையைச் சாத்திட்டாங்க. அதன் மூலநிரல் நம்ம கையில் இல்லாததால், பயன்படுத்தினவங்க எத்தனை பேர் இருந்தாலும் ஒண்ணும் செய்ய முடியலை. எக்ஸ்பியோட ட்வீக் யூஐயும் அப்படித்தான் போச்சு.

ஆட்டோஹாட்கீ கதையைப் பாருங்க. கிறிஸ் மாலட் ஒரு கட்டத்தில் ஒதுங்கிட்டார். ஆனா மூலநிரல் ஜிபிஎல் உரிமத்தில் திறந்து கிடந்தது. வேற ஆட்கள் எடுத்து நடத்தினாங்க. 2022 டிசம்பரில் இரண்டாம் பதிப்பே வந்தது. எக்ஸ்பியின் போட்டோ சுருக்கி காணாமப் போனப்போ, பிரைஸ் லாம்சன் என்பவர் அதே மாதிரி ஒண்ணைத் தானே எழுதித் திறந்து வெச்சார். 2019-ல் மைக்ரோசாஃப்ட் பவர்டாய்ஸைத் திறந்த மூலமா மறுபடி தொடங்கினதும், அடுத்த வருஷம் அவரோட நிரலே உள்ளே வந்து உட்கார்ந்தது. பெற்றவங்க விட்டுட்டுப் போன பிள்ளையை ஊரார் வளர்த்துத் திரும்பக் கொடுத்த கதை. கீமேனை 2015-ல் எஸ்ஐஎல் என்ற மொழி அமைப்பு எடுத்துக்கிட்டது. பிறகு முழுசா இலவசமாகவும் திறந்த மூலமாகவும் ஆக்கிட்டாங்க. எ-கலப்பையும் பின்னாடி கட்டற்ற மென்பொருளா வந்தது.

இந்த வரலாற்றில் இருந்து நான் எடுத்துக்கிட்டது 'இலவசம்' என்ற சொல்லுக்கும் 'கட்டற்ற' என்ற சொல்லுக்கும் நடுவே இருக்கும் தூரம். காசு வாங்காம கொடுத்தது இலவசம். கொடுத்தவர் மனசு மாறினாலோ, வேலை மாறினாலோ, கம்பெனி மாறினாலோ அது போயிடும். உள்ளே என்ன இருக்குன்னு திறந்து காட்டி, எடுத்து மாத்திக்கன்னு உரிமையும் கொடுத்தா அதுக்கு வாரிசு வரும். போட்டோ சுருக்க முடியலைன்னா நாம வேற வழி பார்த்துக்குவோம். எழுத்துக் கருவி போச்சுன்னா?

இன்னொண்ணு. நம்மில் பலர் ஆபீஸ் லேப்டாப்பில் எதையுமே இன்ஸ்டால் பண்ண முடியாது. பாதுகாப்புக்காகத்தான், நியாயம்தான். நாம அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கிற இடத்தில் உட்கார்ற நிரல் யாரோடதுன்னு கேட்கத்தான் வேணும். அதுக்கும் பதில் அதேதான்: திறந்து பார்க்க முடியுதா?

அதனால் ஒரு சின்ன வீட்டுப்பாடம். இந்த வாரக் கடைசியில் உங்க வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆட்டோரன்ஸை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. யார் யாரெல்லாம் கூடவே எழுந்திருக்காங்கன்னு தெரியும். தேவையில்லாதவங்களை அனுப்பிடுங்க. தேவையானவங்களில் யாரோட மூலநிரல் திறந்திருக்குன்னு குறிச்சு வெச்சுக்கோங்க. அதில் ஒருத்தருக்காவது ரெண்டு வரி நன்றி, இல்லைன்னா ஒரு பிழை அறிக்கை, முடிஞ்சா கொஞ்சம் காசு அனுப்புங்க. நம்மளை மாதிரி ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்து, ராத்திரி உட்கார்ந்து எழுதின ஆளாத்தான் பெரும்பாலும் இருப்பார்.