உவரோவைட்: பச்சைக் கார்னெட்டின் கண்டறிதலும் பெயரீட்டு வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

கார்னெட் குடும்பத்துள் எஞ்ஞான்றும் பச்சை நிறத்திலேயே காணப்படும் அரிய கனிமம் உவரோவைட். உரால் மலைப்பகுதியில் கிடைத்த இக்கனிமத்தை வேதியியல் பகுப்பாய்வுக்கு உட்படுத்திய ஹெஸ், 1832-ஆம் ஆண்டு அதனைத் தனி இனமாக அறிவித்தார். நிறத்தால் கற்களை வகைப்படுத்திய மரபு, உட்கூற்றால் வகைப்படுத்தும் அறிவியலுக்கு இடந்தந்த காலத்தின் சான்றாக இக்கண்டறிதலைக் கொள்ளலாம் என்பதையும், கனிமப் பெயரீட்டில் புரவலர் மரபு செயற்பட்ட முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கார்னெட், உவரோவைட், குரோமியம், உரால், பெயரீடு, கோமேதகம்.

முன்னுரை

கார்னெட் என்னும் பெயர் மாதுளையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு தொடர்புடையது. மாதுளை முத்தை ஒத்த செம்மணிகளே அப்பெயருக்குக் காரணமாயின. தமிழகத்தின் தென்கடற்கரை மணலில் கலந்துள்ள கார்னெட்டும் பெரும்பாலும் இரும்பும் அலுமினியமும் சேர்ந்த செந்நிற வகையே. எனவே கார்னெட் என்றாலே சிவப்பு என்னும் கருத்து வேரூன்றியதில் வியப்பில்லை. எனினும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சைபீரியாவில் கிடைத்த வெளிர்பச்சைக் கார்னெட் ஒன்றுக்கு, கூஸ்பெரி என்னும் பழத்தின் நிறங்கருதி கிரோசுலர் எனப் பெயரிடப்பட்டிருந்தது. ஆகவே ஹெஸ் அறிவித்ததன் புதுமை பச்சை நிறத்தில் இல்லை. அந்நிறத்துக்கு அடிப்படையான தனிமத்தில் உள்ளது.

குரோமியமும் நிறமும்

அத்தனிமம் குரோமியம். 1797-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லன், உரால் பகுதியைச் சேர்ந்த செந்நிற ஈயக் கனிமம் ஒன்றை ஆராய்ந்து இதனைக் கண்டறிந்தார். மரகதத்தின் பச்சைக்கும் இதுவே காரணம் என அவர் அடுத்து நிறுவினார். மாணிக்கத்தின் சிவப்புக்கும் குரோமியமே காரணம். ஒரே தனிமம் ஒரு கல்லில் சிவப்பையும் மற்றொன்றில் பச்சையையும் தோற்றுவிப்பது முரண்போலத் தோன்றலாம். குரோமிய அயனியைச் சூழ்ந்துள்ள ஆக்சிஜன் அணுக்களின் நெருக்கத்தைப் பொறுத்து அது உறிஞ்சும் ஒளி மாறுபடுகிறது. அதனாலேயே நிறமும் மாறுகிறது. கார்னெட் குடும்பத்துக்குள்ளேயே இதற்குச் சான்று உண்டு. குரோமியம் சிறிதளவு கலந்த பைரோப் சிவப்பாகவும், குரோமியத்தையே இன்றியமையாக் கூறாகக் கொண்ட உவரோவைட் ஆழ்ந்த பச்சையாகவும் உள்ளன. எனவே நிறம் ஒன்றையே கொண்டு கல்லின் இனத்தைத் துணிதல் இயலாது.

ஹெஸ்ஸின் ஆய்வு

ஜெர்மேன் ஹென்றி ஹெஸ் 1802-இல் ஜெனீவாவில் பிறந்து, இளமையிலேயே ரஷ்யாவில் குடியேறியவர். தோர்பத் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றவர். பின்னர் புனித பீட்டர்ஸ்பர்க் அறிவியல் அகாதெமியில் பணியாற்றியவர். வேதிவினையின் மொத்த வெப்பம் அவ்வினை கடந்துவரும் படிநிலைகளைச் சார்ந்ததன்று என்னும் அவரது 1840-ஆம் ஆண்டு விதியே இன்று அவரைப் பாடநூல்களில் நிலைபெறச் செய்துள்ளது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே உவரோவைட்டைப் பற்றிய அவரது சிறு கட்டுரை ஜெர்மானிய ஆய்விதழில் வெளிவந்தது.

இக்கனிமத்தின் மூல இடம் இன்றைய பெர்ம் பகுதியிலுள்ள சரானி குரோமைட் சுரங்கம். இதன் வேதி அமைப்பில் கால்சியம் மூன்று, குரோமியம் இரண்டு, சிலிக்கேட் தொகுதி மூன்று என்னும் விகிதம் அமைந்துள்ளது. கனசதுரப் படிகத் தொகுதியைச் சேர்ந்த இதன் கடினத்தன்மை மோஸ் அளவையில் 6.5 முதல் 7.5 வரை, ஒப்படர்த்தி ஏறத்தாழ 3.8.

அருமைக்குக் காரணம்

கால்சியமும் குரோமியமும் இயற்கையில் ஒருங்கே மிகுந்திருப்பது அரிது. குரோமியம் மிகுந்த அடியாழப் பாறைகளில் அது பெரும்பாலும் குரோமைட்டில் சிறைப்பட்டுக் கிடக்கிறது; அங்குக் கால்சியம் குறைவு. இப்பாறைகள் வெந்நீர்க் கரைசல்களால் மாற்றமடையும்போது, கால்சியம் கொண்ட கரைசல் குரோமைட்டின் விரிசல்களில் புகுந்து வினைபுரிந்தால் மட்டுமே உவரோவைட் உருவாகிறது. ஆதலின் சரானியில் இது விரிசற் சுவர்களின்மேல் மெல்லிய பச்சைப் போர்வையாகப் படிந்துள்ளது. தனிப்படிகங்கள் பெரும்பாலும் ஓரிரு மில்லிமீட்டர் அளவைத் தாண்டுவதில்லை. பட்டை தீட்டி அணிகலனாக்க அவை போதா. பின்லாந்தின் ஔட்டோகும்பு செப்புச் சுரங்கத்தில் ஒரு சென்டிமீட்டரை மிஞ்சும் படிகங்கள் கிடைத்தன. அவ்விடத்துக் குரோமியக் கனிமங்களை பென்டி எஸ்கோலா 1933-இல் விரிவாக ஆராய்ந்தார்.

பெயரும் புரவலரும்

ஹெஸ் தம் கண்டறிதலுக்குச் செர்கெய் உவாரவ் பெயரைச் சூட்டினார். உவாரவ் 1818 முதல் 1855 வரை அகாதெமியின் தலைவர். 1833 முதல் 1849 வரை கல்வி அமைச்சர். வைதிகத் திருச்சபை, முடியாட்சி, தேசியம் என்னும் மும்மைக் கொள்கையை அரசின் கல்வி நெறியாக வகுத்தவரும் அவரே. அகாதெமியைச் சார்ந்து வாழ்ந்த அறிஞர் அதன் தலைவரின் பெயரைக் கல்லில் பொறித்தது அக்காலப் புரவலர் மரபுக்கு இயைந்ததே.

ஹெஸ்ஸின் பெயரும் கனிமவுலகில் இடம்பெறாமற் போகவில்லை. அவர் பகுத்தாய்ந்த வெள்ளி டெல்லூரியக் கனிமத்துக்கு 1843-இல் ஹெஸ்சைட் எனப் பெயரிடப்பட்டது. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. நாம் கோமேதகம் என வழங்கும் ஹெஸ்சொனைட்டின் பெயர் ஹெஸ்ஸைச் சுட்டுவதன்று. தாழ்ந்தது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது அது.

முடிவுரை

கோமேதகம் கிரோசுலரின் ஒரு வகை. எனவே தேன்நிறக் கோமேதகமும் பச்சை உவரோவைட்டும் கால்சியக் கார்னெட்டுகள் என்ற முறையில் நெருங்கிய உறவின. நிறத்தால் ஒத்த மரகதமோ பெரில் என்னும் வேறு குடும்பத்தது. நவமணி மரபின் சொல்வளத்தைக் கனிமவியற் கலைச்சொல்லாக்கத்திற்குப் பயன்படுத்துவோர் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்ள வேண்டும். உவரோவைட்டைப் பச்சை என்னும் அடையோடு மட்டும் தமிழாக்கினால், அதனை கிரோசுலரின் பச்சை வகையினின்று பிரித்தறிய இயலாது. குரோமியத்தைச் சுட்டும் அடையே அதன் இயல்பையும், ஹெஸ் நிறுவிய உண்மையையும் ஒருங்கே உணர்த்தும்.