ரோஸ்ட் என்னும் சொல்லும் வான்கோழி என்னும் பறவையும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளின் பண்டிகைச் சமையல்

வாளையாறு சோதனைச் சாவடிக்குக் கிழக்கே, கோயம்புத்தூர்ப் பக்கத்து உணவகத்தில் 'ரோஸ்ட்' என்று கேட்டால் நெய்யில் முறுகிய தோசை வரும். அதே சொல்லைச் சாவடிக்கு மேற்கே, பாலக்காட்டுப் பக்கத்தில் சொன்னால் வெங்காயமும் மசாலாவும் சுருள வதங்கிய முட்டையோ தாறாவோ வரும். இரண்டிலும் ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருள் இல்லை. முட்டை ரோஸ்டில் முட்டை வேகவைக்கப்படுகிறதே ஒழிய நெருப்பில் வாட்டப்படுவதில்லை. இறைச்சியைத் திறந்த நெருப்பின் முன் கம்பியில் கோத்துச் சுழற்றுவதும், பின்னர் மூடிய அடுப்பறையின் வறண்ட வெப்பத்தில் முழுதாக வேகவைப்பதுமே அச்சொல் இங்கிலாந்தில் குறித்த செயல்கள். சொல் கடல் கடந்து வந்துவிட்டது. அதற்குரிய அடுப்பு மட்டும் வந்துசேரவில்லை.

சொல்லும் செயலும் ஒன்றாக இருந்த இடம் இந்த எல்லைப் பகுதியில் ஒன்றுண்டு. அது மூணாற்றைச் சுற்றிய மலைத் தோட்டங்களின் பங்களாச் சமையலறை. 1877இல் பூஞ்ஞாற்று அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ நிலம் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவாயிற்று. அதற்குப் பின் வந்த பிரித்தானியத் தோட்ட மேலாளர்களின் திசம்பர் மாதத்து மேசைக்கு ஒரு பறவை தேவைப்பட்டது. இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கத்தாருக்குக் கிறிஸ்துமஸ் விருந்தின் அடையாளம் வான்கோழி என்பது 1861இல் வெளிவந்த திருமதி பீட்டனின் இல்லப் பராமரிப்பு நூலிலேயே முடிந்த முடிவாகப் பேசப்படுகிறது. ஆகவே கடல்மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே, அதே பறவை அதே வடிவில் மேசைக்கு வர வேண்டும் என்பது நாவின் விருப்பம் மட்டுமன்று. தாம் யார் என்பதை ஆண்டுக்கொரு முறை தமக்கே உறுதிசெய்துகொள்ளும் சடங்கும் அதுவே.

பறவையின் பெயர்களைப் பார்த்தால் வேடிக்கை கூடும். மெக்சிகோவில் வீட்டு வளர்ப்புக்குப் பழக்கப்பட்ட இப்பறவையை ஐரோப்பியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுசென்றனர்; அது எங்கிருந்து வந்தது என்பதில் ஆளுக்கொரு குழப்பம். ஆங்கிலேயர் துருக்கியின் பெயரைச் சூட்டினர். துருக்கியர் அதனை 'ஹிந்தி' என்றனர். பிரெஞ்சுக்காரரின் பெயரும் இந்தியாவைச் சுட்டும். டச்சுக்காரரோ இன்னும் துல்லியமாகத் தவறு செய்தனர்: 'கால்கூன்' என்னும் அவர்கள் சொல்லுக்குக் கோழிக்கோட்டுக் கோழி என்று பொருள். அச்சொல்லே இலங்கைக்குச் சென்று சிங்களத்தில் 'களுகுமா' ஆயிற்று. போர்த்துக்கீசியர் பெரு நாட்டின் பெயரைச் சூட்ட, அது இந்தியில் 'பேரு' என்று நிற்கிறது. கோழிக்கோட்டுக்கு அண்மையில் உள்ள பாலக்காட்டு மலையாளியோ இன்று அதனை 'டர்க்கிக் கோழி' என்று ஆங்கிலத்தின் வழியே அழைக்கிறார். அதே ஊர்ச் சந்தையில் நிற்கும் தமிழர் 'வான்கோழி' என்கிறார்.

இந்த வான்கோழியும் எளிய சொல் அன்று. மயிலின் ஆட்டத்தைக் கண்டு தானும் சிறகை விரித்த வான்கோழி மூதுரையின் புகழ்பெற்ற உவமை. அந்நூல் பிற்காலச் சோழர் காலத்தது என்னும் மரபான கணிப்பை ஏற்றால், அமெரிக்கப் பறவை அதில் இடம்பெற வழியில்லை. அப்போது அச்சொல் வேறொரு பறவையைக் குறித்திருந்து, பின்னர் புதிதாக வந்த பறவைக்கு மாறியிருக்க வேண்டும். உவமை அமெரிக்கப் பறவையைத்தான் குறிக்கிறது என்றால், பாடலின் காலத்தைக் கீழே இறக்க வேண்டும். இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொள்ள இயலாது. ஆயினும் பள்ளிப் பாடநூல்கள் படத்தில் அமெரிக்கப் பறவையையும் குறிப்பில் பழங்காலத்தையும் தயங்காமல் தருகின்றன. ஸ்பானியர் மயிலைக் குறித்த 'பாவோ' என்னும் சொல்லையே இப்பறவைக்குத் தந்ததும் இங்கு நினைக்கத்தக்கது. தோகையை விரிக்கும் அதன் இயல்பு இரு கண்டங்களிலும் ஒரே ஒப்பீட்டைத் தூண்டியிருக்கிறது. 1612இல் முகரப் கான் கோவாவிலிருந்து கொண்டுவந்த பறவையைக் கண்ட சகாங்கீரும் தம் குறிப்பேட்டில் அதன் தோற்றத்தை வியந்தே எழுதினார். அவர் விருப்பப்படி மன்சூர் அதனை வரைந்தார்.

பங்களாச் சமையலறைக்குத் திரும்பலாம். அதன் பெயரே 'குசினி' என்னும் போர்த்துக்கீசியக் கடன்சொல். அங்கே சமைத்தவர்கள் ஆங்கிலேயர் அல்லர், தமிழ்ச் சமையற்காரர்கள். அவர்களைப் பற்றிய அச்சுச் சான்றுகள் அவர்களின் முதலாளிகள் எழுதியவை. 1878இல் சென்னையில் 'வைவர்ன்' என்னும் புனைபெயரில் சமையல் நூல் வெளியிட்ட படை அதிகாரி கென்னி-ஹெர்பர்ட், தென்னிந்தியச் சமையற்காரர் அனைவரையும் 'ராமசாமி' என்னும் ஒரே பெயரால் குறித்தார். அந்நூல் சமையற்காரரின் திறமையை ஓரளவு மதிக்கும் நூல்தான். ஆயினும் குறிப்பிட்ட ஓர் உணவை ஒரு குறிப்பிட்ட ஆள் சமைத்தார் என்று எழுதும் வாய்ப்பை அந்தப் பொதுப்பெயர் முளையிலேயே அழித்துவிட்டது.

அச்சமையற்காரர்களிடம் இருந்த நுட்பமோ சிறிதன்று. இரும்பு அடுப்பறை இல்லாத இடங்களில் கனத்த தேக்சாவில் இறைச்சியை வைத்து, மூடியின் மேல் தணலைப் பரப்பி, கீழேயும் தணல் இட்டு, இருபுறமும் வெப்பம் தாக்குமாறு வாட்டுவது காலனியச் சமையலறைகளில் பொதுவான வழக்கம். பாலக்காட்டிலும் குமிளியிலும் வாழும் தமிழ் பேசும் ராவுத்தர்களின் தம் பிரியாணி முறையும் இதே கொள்கையில் அமைந்தது: மாவால் மூடியின் விளிம்பை அடைத்து, மேலே தணல் போட்டு, ஆவியைச் சிறைப்படுத்துதல். துரையின் 'ரோஸ்ட்' உள்ளூர்த் தம் முறையின் தோளில் ஏறியே மேசைக்குச் சென்றது என்று கூறுவது மிகையாகாது.

முழு வான்கோழியை வாட்டுவதில் தீராத இடர் ஒன்று உண்டு. மார்புச் சதை 70 பாகை செல்சியசைத் தாண்டினால் வறண்டு சக்கையாகும். கால், தொடைச் சதையில் உள்ள இணைப்புத் திசு 80 பாகையைத் தாண்டினால்தான் இளகும். இரண்டும் ஒரே உடலில் இருப்பதால், ஒன்றைக் காத்தால் மற்றது கெடும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பண்டிகைதோறும் நடக்கும் வான்கோழி விவாதம் முழுவதும் இந்தப் பத்துப் பாகையைப் பற்றியதே. மார்பின் மேல் பன்றிக் கொழுப்பைப் போர்த்துகின்றனர். அரை மணிக்கொரு முறை சாற்றை மொண்டு ஊற்றுகின்றனர். முதல்நாளே உப்புநீரில் ஊறவைக்கின்றனர். முதுகெலும்பை நீக்கிப் பறவையைத் தட்டையாக்குகின்றனர். லூசியானாவில் பெரிய அண்டாவில் எண்ணெய் காய்ச்சி முழுதாகவே பொரித்தெடுக்கின்றனர். எல்லாம் புத்திசாலித்தனமான வழிகளே. முழுப் பறவையைத் தட்டில் கிடத்திக் காட்ட வேண்டும் என்னும் நிபந்தனையை விட்டுவிட்டால் இவற்றில் எதுவுமே தேவைப்படாது.

அந்த நிபந்தனை இல்லாத அடுப்புகள் பங்களாவுக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில் எரிந்தன. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த தொழிலாளர்கள், அவர்களுள் மிகுதியானோர் தலித் மக்கள், லயங்களில் வாழ்ந்தனர். ஓர் அறை, அதனோடு ஒட்டிய சிறு சமையலிடம், விறகடுப்பு, ஒரு சட்டி: அங்கே உள்ள சமையற்கருவிகள் அவ்வளவே. (லயம் என்னும் சொல்லுக்கும் குதிரை கட்டும் லாயத்துக்கும் உள்ள ஒலி நெருக்கம் தனியே ஆராயத்தக்கது.) வான்கோழி அவர்களுக்கு எந்நாளும் பெருவழக்கான பண்டிகை இறைச்சி அன்று. ஆடும் நாட்டுக்கோழியும் மாட்டிறைச்சியுமே முதன்மை. ஆனால் பெரிய பறவை எதுவாயினும் அது சட்டிக்குப் போகும் வழி ஒன்றுதான்.

அந்த வழியின் முதல் படி கூறு போடுதல். பல வீட்டார் பணம் சேர்த்து வாங்கிய இறைச்சி, சமைக்கும் முன்பே கூறுகளாகப் பிரிந்து வீடுகளுக்குச் சென்றுவிடும். பங்களாவிலோ பங்கீடு சமைத்த பின் நடக்கிறது. குடும்பத் தலைவர் கத்தியை எடுத்து, விருந்தினரின் தகுதி பார்த்து, துண்டுகளை வழங்குகிறார். உணவு வரலாற்றாசிரியர்கள் அடுப்பையும் மசாலாவையும் ஒப்பிடும் அளவுக்கு இந்த வேறுபாட்டை ஒப்பிடுவதில்லை. ஐந்து வீட்டுக்குச் சொந்தமான பறவையை யாரும் முழுதாக வாட்ட முடியாது. குழம்பு அங்கே சுவையின் தேர்வாவதற்கு முன்பே உடைமையின் விளைவாகிவிட்டது.

வெட்டும் முன் பறவையின் இறகைப் பறித்து, மஞ்சள் பூசி, தீயில் வாட்டுவார்கள். தோல் இறுகி, கொழுப்பு மணம் விட்டு, மெல்லிய புகை ஏறும். ரோஸ்ட் தரும் சுவையின் ஒரு பகுதி இந்தச் சில நிமிடங்களிலேயே கிடைத்துவிடுகிறது. பிறகு கால், கழுத்து, முதுகெலும்பு முதலில் கொதிக்கும். மார்புத் துண்டுகளைப் பிந்திப் போட்டால் போதும். பத்துப் பாகைச் சிக்கல் இங்கே எழுவதே இல்லை. ஆனால் மலைக்கே உரிய வேறொரு தடை உண்டு. மூணாற்று உயரத்தில் நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். பாலக்காட்டுச் சமவெளியில் வேகும் நேரத்தில் அங்கே முற்றிய பறவையின் தொடை வேகாது. விறகைக் கூட்டியும் பயனில்லை. பொறுமை ஒன்றே வழி. அழுத்தக் கலன் பரவியபின் அந்தக் காத்திருப்பும் குறைந்தது.

லயத்து அடுப்பை ஏழ்மையின் அடையாளமாக மட்டும் படிப்போர் இலண்டனின் ஏழை வீடுகளையும் பார்க்க வேண்டும். 1843இல் வெளிவந்த டிக்கின்ஸின் கிறிஸ்துமஸ் கதையில் கிராட்சிட் குடும்பத்தாரின் வாத்து ரொட்டிக்கடை அடுப்பில் வெந்து வருகிறது. வீட்டில் அதற்கேற்ற அடுப்பில்லை. அக்கதையின் முடிவில் செல்வர் வாங்கி அனுப்பும் பரிசே வான்கோழி. ஆக, முழுதாக வாட்டிய பறவை இங்கிலாந்திலும் எல்லோருடைய மரபாகவும் இருந்ததில்லை. அடுப்பறை உள்ளவர்களின் மரபு நாட்டின் மரபாக எழுதப்பட்டு, பின்னர் மூணாற்றுக்கு ஏற்றுமதியாயிற்று.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் நிலைமை தலைகீழாகிறது. பறவையின் பிறந்தகமான மெக்சிகோவில் அதனை எப்படி உண்டனர்? 16ஆம் நூற்றாண்டில் பெர்னார்டினோ டி சகாகுன் என்னும் துறவி அஸ்டெக் மக்களிடம் கேட்டுத் தொகுத்த பெருநூலில், மிளகாயும் தக்காளியும் அரைத்த பூசணி விதையும் சேர்ந்த சாற்றில் வேகும் வான்கோழி இடம்பெறுகிறது. இன்றைய மோலே, பிப்பியான் ஆகியவை அதன் வழிவந்தவை. துண்டு, சட்டி, மிளகாய், கெட்டிப்படுத்த அரைத்த விதை: பூசணி விதையின் இடத்தில் தேங்காயையும் கசகசாவையும் வைத்தால் அது லயத்துக் குழம்பின் இலக்கணமே. அந்தக் குழம்பின் மிளகாயும் தக்காளியும் அதே கண்டத்திலிருந்து வந்தவை. இரண்டு மரபுகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஒத்த கருவிகளும் ஒத்த தேவையும் ஒத்த விடையைத் தந்திருக்கின்றன. ஆயினும் வான்கோழியைக் குழம்பாக்குவது அதனைக் கெடுப்பது என்று முகம் சுளிப்பவர்கள், எந்த 'மூல' முறையை அளவுகோலாக வைத்துச் சுளிக்கிறார்கள் என்பதைத் தெளிவுபடுத்தக் கடமைப்பட்டவர்கள்.

தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் யாருக்கு உரியவை என்று 1956இல் நடந்த வாதங்களில் மொழி எண்ணிக்கையும் நிலமும் பேசப்பட்டன. அடுப்புகள் பேசப்படவில்லை, பேசப்படாததும் நன்றே. ஏனெனில் இப்பகுதியின் அடுப்பு எந்த மாநிலத்துக்கும் முழுதாக உரியதன்று. மலையாளத்து 'உலர்த்தியது' என்னும் இறைச்சி வகையும் தமிழின் உலர்த்து என்னும் வினையும் உடன்பிறப்புகள். ஆனால் உணவகத்துப் பட்டியலில் அந்தப் பழஞ்சொல்லைத் தள்ளி 'ரோஸ்ட்' அமர்ந்துகொண்டது. அதற்குள் இருப்பதோ பழைய உலர்த்தலும் வதக்கலுமே.

அடுப்புக்கு ஏற்பப் பறவையே மாறியதும் உண்டு. அமெரிக்காவில் குடும்பங்கள் சுருங்கி, அடுக்குமாடி வீடுகளின் அடுப்பறைகளும் சிறுத்தபோது, அந்நாட்டு வேளாண்துறை மேரிலாந்து மாநிலத்தின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் 1930களில் ஒரு சிறிய வெள்ளை வான்கோழியை உருவாக்கத் தொடங்கியது. பெரிய பறவை உள்ளே நுழையவில்லை என்பதே அம்முயற்சியின் காரணங்களுள் ஒன்று. அந்தப் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை இனத்தை நாட்டுக் கறுப்பு வான்கோழியோடு கலந்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இங்குள்ள வெப்பத்தைத் தாங்கும் 'நந்தனம் வான்கோழி-1' என்னும் இனத்தைத் தந்தது. சிறு அடுப்பறைக்குள் முழுதாக நுழைவதற்கென்று அளவு குறைக்கப்பட்ட பறவையின் வழித்தோன்றல், அடுப்பறையே இல்லாத சமையலறைகளுக்கு வந்து, கறிக்கடைப் பலகையில் எலும்போடு துண்டாகி, கிலோக் கணக்கில் எடைபோடப்படுகிறது.