அகாபெக் என்னும் பெயர் எங்கே போயிற்று?

மர்பி டவுனில் வாழ்பவனுக்குப் பெயர்களின் மீது சந்தேகம் பிறப்பது இயல்பு. வெளியூர் நண்பர்கள் எங்கள் பகுதியை மர்பி ரேடியோவோடும், சற்றுத் தள்ளியுள்ள ஆஸ்டின் டவுனை ஆஸ்டின் காரோடும் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். இரண்டுமே தவறு. பெங்களூர்க் கண்டோன்மெண்ட்டில் பணியாற்றிய வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் அவை. மர்பி ஒரு பொறியாளர். அவருக்கு முன் இவ்விடத்தின் பெயர் நாக்ஸ்பேட்டை. 1809இல் படைமுகாம் இங்கு அமைந்தபின் அதன் தேவைகளுக்காக வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்களே இன்றும் அல்சூர் ஏரியைச் சுற்றி மிகுதி. வீடு கட்டியவர், தெருவைப் பெருக்கியவர், குதிரைக்குப் புல் சுமந்தவர் எவருடைய பெயரும் தெருப்பலகையில் ஏறவில்லை.

இப்பதிவு அதற்கு நேர்மாறான ஒரு பெயரைப் பற்றியது. பலகையில் ஏறியிருக்கக்கூடிய பெயர், ஏறாமலே மறைந்தது.

சில வாரங்களாக 1930களின் ஐரோப்பிய மோட்டார் பந்தய வரலாற்றைப் படித்து வருகிறேன். கண்டோன்மெண்ட் தொழிலாளர் வரலாற்றை ஆய்பவனுக்குக் கார்ப் பந்தயத்தில் என்ன வேலை என்று என் நெறியாளர் கேட்டார். நியாயமான கேள்வி. காலனியத்தின் பணம் எங்கே சென்று செலவானது என்பதையும் நாம்தானே கேட்கவேண்டும் என்று அப்போது மழுப்பினேன். இப்போது விடையாகச் சொல்ல ஒரு மனிதர் கிடைத்திருக்கிறார்.

அக்காலப் பந்தயப் பட்டியல்களில் அவர் பெயர் ஏ. எஃப். பி. ஃபேன். அறிமுகக் குறிப்புகளில் 'பிரிட்டிஷ் பந்தய வீரர்'. பிறந்தது 1911இல், இந்தியாவில். பிறப்பில் இட்ட பெயர் ஆல்ஃபிரட் ஃபேன் பியர்ஸ் அகாபெக். வங்காள நிலக்கரித் தொழிலில் ஈடுபட்டிருந்த ஆர்மீனிய மரபுக் குடும்பம் அவருடையது.

தலைப்பெழுத்துகளோடு வளர்ந்த நமக்கு இந்தப் பெயரில் உள்ள விந்தை எளிதில் புலப்படும். ஆல்ஃபிரட்டுக்கு ஏ, ஃபேனுக்கு எஃப், பியர்ஸுக்குப் பி. முன்னெழுத்துகள் மூன்றும் முறைப்படி நிற்கின்றன. ஆனால் எஃப் என்று ஏற்கெனவே சுருங்கிய அதே ஃபேன், வரிசையின் இறுதியில் குடும்பப் பெயராக மீண்டும் வந்து அமர்கிறது. அகாபெக்கின் நாற்காலியில் நடுப்பெயர் உட்கார்ந்துவிட்டது. பெயர் மாற்றத்தின் தடயம் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

ஆர்மீனியர்கள் தமிழ் நிலத்துக்குப் புதியவர்கள் அல்லர். சென்னைப் பாரிமுனையருகே அவர்களுடைய 1772ஆம் ஆண்டுத் தேவாலயம் நிற்கும் தெருவை நம் மக்கள் 'அரண்மனைக்காரன் தெரு' ஆக்கிக்கொண்டார்கள். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794இல் அச்சானது அந்தச் சென்னையில்தான். அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் கட்டித்தந்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். மர்மலாங் பாலம் என்று வழங்கிய அவ்விடம் இன்று மறைமலை அடிகள் பாலம். சென்னையில் முத்தும் மணியும் துணியும் விற்ற இச்சமூகத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தாவை மையமாக்கிக்கொண்டு கப்பலிலும் நிலக்கரியிலும் இறங்கினார்கள். அகாபெக் குடும்பம் அந்த இரண்டாம் கட்டத்தைச் சேர்ந்தது.

இனி அவருடைய கார்கள். ஃபேனின் புகழ் பெரும்பாலும் ஃப்ரேசர் நாஷ் என்னும் சிறு நிறுவனத்தோடு பிணைந்தது. அதைத் தோற்றுவித்த ஆர்ச்சிபால்ட் ஃப்ரேசர் நாஷும் பந்தய வீரரே. கோட்ஃப்ரேயுடன் சேர்ந்து அவர் நடத்திய முந்தைய நிறுவனமான ஜி.என். காலத்துப் பந்தய வண்டிகளுக்கு 'கிம்', 'மௌக்லி', 'அகேலா' என்று பெயர்கள். மூன்றும் பம்பாயில் பிறந்த கிப்ளிங்கின் இந்தியக் கதைகளிலிருந்து எடுத்தவை. இங்கிலாந்தின் மேட்டுப்பாதைகளில் மௌக்லி என்ற பெயரில் ஒரு வண்டி சீறிப் பாய்ந்தபோது பார்வையாளருக்கு அது இனித்திருக்கும். கற்பனை இந்தியாவுக்கு அங்கே தடையில்லை.

அந்த வண்டிகளின் இயந்திர அமைப்பை இங்கே சற்று விளக்கியாக வேண்டும். வழக்கமான கார்களில் பற்சக்கரங்கள் அடைத்த கியர் பெட்டி இருக்கும். ஃப்ரேசர் நாஷில் அது இல்லை. எஞ்சினின் சுழற்சி ஒரு குறுக்குத் தண்டுக்கு வரும். அங்கிருந்து ஒவ்வொரு முன்னோட்ட கியருக்கும் தனித்தனிச் சங்கிலி பின்னச்சுக்குப் போகும். மிதிவண்டிச் சங்கிலியின் தடித்த உறவினர்கள் மூன்று, நான்கு பேர் வரிசையாக ஓடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். வேண்டிய சங்கிலியை மட்டும் பல்-இணைப்பான் பிடித்துக்கொள்ளும். எடை குறைவு, கியர் மாற்றம் கண்ணிமைப்பொழுது. பின்னச்சில் டிஃபரென்ஷியல் கிடையாது. ஆகவே இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுழலும். வளைவில் பின்புறம் வழுக்கும். அந்த வழுக்கலையே துணையாக்கி வண்டியைத் திருப்புவதுதான் இக்கார் ஓட்டுவோரின் கலை. இந்த ஓட்டுநர்களின் செல்லப் பெயர் 'சங்கிலிக் கூட்டம்'. ஆங்கிலத்தில் அத்தொடருக்கு விலங்கிட்டு வேலை வாங்கப்படும் கைதிகள் என்பதே முதற்பொருள். வசதி படைத்த இளைஞர்கள் விளையாட்டாகச் சூடிக்கொண்ட பெயர். நிலக்கரிச் சுரங்கங்களை நினைத்துக்கொண்டு படிப்பவனுக்கு அவ்வளவு விளையாட்டாக ஒலிக்கவில்லை.

ஆல்டிங்டன் சகோதரர்களின் கைக்கு நிறுவனம் மாறியபின் ஃபேன் அதில் பங்காளியாகவும் சேர்ந்தார். ஓட்டுநர் கூலிக்கு ஓடியவரல்லர், முதலீட்டாளரும்கூட. 1934 முதல் அந்நிறுவனம் ஜெர்மனியிலிருந்து பி.எம்.டபிள்யூ. கார்களை வரவழைத்துத் தன் பெயரையும் சேர்த்து விற்றது. 1936இல் வந்த 328 வகை, 1971 சி.சி. கொண்ட ஆறு உருளை எஞ்சின் பொருத்தியது. இங்கிலாந்தில் விலை 695 பவுன். ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்ற அன்றைய மாற்று விகிதத்தில் ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேல்.

அதே 1936இல் வட அயர்லாந்தின் ஆர்ட்ஸ் தடத்தில் நடந்த டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தில் மூன்று 328 கார்கள் இறங்கின. ஓட்டியவர்கள் ஆல்டிங்டன், ஃபேன், சயாம் நாட்டு இளவரசர் பீரா. ஃபேன் மூன்றாவதாக வந்தார். கூட்டத்தினுள் ஒரு கார் புகுந்து எட்டுப் பார்வையாளர்கள் மாண்டதால் ஆர்ட்ஸ் தடத்தில் அதன்பின் அப்பந்தயம் நடக்கவில்லை.

என்னை நிறுத்தி வைத்தது முடிவுகளைவிட அந்த அணிப் பட்டியல்தான். பீராபோங்சே என்ற நீண்ட பெயரைச் சுருக்கிக்கொண்டாலும் பீரா தம் கீழைத்தேயப் பெயரிலேயே ஓடினார். அது அவருக்கு அணிகலன். தம் ஈ.ஆர்.ஏ. கார்களுக்கு ரோமுலஸ், ரீமஸ் என்று ரோமானியப் பெயர்கள் சூட்டினார். ஆங்கிலேயரான நாஷ் தம் கார்களுக்கு மௌக்லி என்றார். இருவருக்கிடையே, இந்தியாவில் பிறந்த ஆர்மீனிய மரபினரோ ஃபேன் ஆனார். அரச குலத்தின் கிழக்கு கவர்ச்சியானது. கதைப்புத்தகத்தின் கிழக்கு இனிமையானது. சுரங்கமும் வணிகமுமாக இருந்த கிழக்கு மட்டும் ஒலியாமல் இருப்பதே நலம் என்ற ஒரு சமூகச் சூழலை இந்த மூன்று பெயர்களும் சேர்ந்து காட்டுவதாக நான் வாசிக்கிறேன். மிகை வாசிப்பு என்று சொல்பவர்கள் இருக்கலாம். பெயரை மாற்றுவோர் அனைவரும் அவமானத்தால் மாற்றுவதில்லை, வசதிக்காகவும் மாற்றுவார்கள். ஆனால் எந்தப் பெயர் வசதியானது என்பதை முடிவுசெய்வது தனிமனிதர் அல்லர்.

1937 செப்டம்பரில் வூஸ்டர்ஷயரின் ஷெல்ஸ்லி வால்ஷ் மலைப்பாதையில் ஃபேன் தம் வாழ்வின் சிறந்த சாதனையைப் படைத்தார். 1905 முதல் பந்தயம் நடக்கும் பாதை. நீளம் ஆயிரம் கெஜம். சூப்பர்சார்ஜர் பூட்டிய ஒன்றரை லிட்டர் ஒற்றை இருக்கை ஃப்ரேசர் நாஷில் 38.77 விநாடியில் ஏறி முடித்தார். நின்ற நிலையிலிருந்து தொடங்கி, செங்குத்தும் வளைவுமான பாதையில், சராசரி மணிக்கு 85 கிலோமீட்டர். சங்கிலி வண்டிகளின் காலம் முடிந்துகொண்டிருந்த வேளையில் கிடைத்த வெற்றி இது. அடுத்த ஆண்டே ரேமண்ட் மேஸ் அதை முறியடித்தார்.

அதே 1937இல் இந்தியாவில் வேறொரு நிகழ்வு. சுரங்கத்தினுள் பெண்கள் வேலை செய்வதை 1929 முதல் படிப்படியாகக் குறைத்துவந்த விதிகள் அவ்வாண்டில் முழுத்தடையாயின. வங்காள, பீகார் நிலக்கரி வயல்களில் சந்தால், பௌரி குடும்பங்கள் கணவன் வெட்ட மனைவி சுமக்க என்று சேர்ந்தே இறங்கியவை. மேற்பார்வைக்கு இது சீர்திருத்தம். மாற்றுக் கூலி எதுவும் தராமல் பாதி வருமானத்தைப் பறித்ததும் இதுவே. போரில் நிலக்கரி தேவைப்பட்டபோது 1943இல் தடை நீங்கியது. 1946இல் மீண்டும் வந்தது. 38.77 விநாடிக்கும் இதற்கும் நேரடிக் காரண காரியத் தொடர்பு இருப்பதாக நான் எழுதினால் நெறியாளர் சிவப்பு மையால் அடிப்பார், அடிக்கவும் வேண்டும். ஒரே தொழிலின் இரு முனைகள் ஒரே ஆண்டில் எப்படித் தோற்றமளித்தன என்பதை அருகருகே வைப்பது மட்டுமே என் நோக்கம்.

1938 மில்லே மில்யா பந்தயத்தில், பிரெசியாவிலிருந்து ரோம் சென்று திரும்பும் ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர்ப் பாதையில், ஃபேன் 328 காரை எட்டாம் இடத்துக்கும் தம் பிரிவின் முதலிடத்துக்கும் கொண்டுவந்தார். ஜெர்மன் கார், இத்தாலியச் சாலை. மூன்று ஆண்டுகளுக்குள் அவ்விரு நாடுகளும் அவர் நாட்டின் எதிரிகள்.

போரில் அவர் வான்படையின் ஒளிப்பட வேவுப் பிரிவில் விமானியானார். அவ்விமானங்கள் துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டுக் கேமராவும் கூடுதல் எரிபொருளும் ஏற்றிய ஸ்பிட்ஃபயர்கள். விமானி தனியாள். திசையறிதல், படமெடுத்தல், தப்புதல் எல்லாம் அவர் ஒருவரே. 1942 ஜனவரி 23 அன்று ஸ்காட்லாந்தின் வடமுனையிலுள்ள விக் தளத்திலிருந்து கிளம்பிய ஃபேன், நார்வேயின் டிரான்ஹைம் அருகே ஃபேட்டன் கடற்கழியில் பதுங்கி நின்ற டிர்பிட்ஸ் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலைக் கண்டு படமெடுத்தார். நாற்பதாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல். ரஷ்யாவுக்குச் சரக்கு கொண்டுசெல்லும் கப்பல் அணிகளுக்கு அது பேரச்சம். அது வெளியே வரக்கூடும் என்ற எண்ணமே பிரிட்டிஷ் கடற்படையின் பெரும்பகுதியை வடக்கே கட்டிப்போட்டிருந்தது. அதற்கு ஒதுங்க இடம் கிடைக்கக்கூடாது என்பதற்காகவே அதே மார்ச்சில் பிரான்சின் செயின்ட் நசேர் உலர்துறை தகர்க்கப்பட்டது.

டிர்பிட்ஸ் கவிழ்ந்தது 1944 நவம்பர் 12 அன்று, டிராம்சோ அருகே. குண்டு வீசியவை லங்காஸ்டர் விமானங்கள். அவற்றின் வால்பகுதியில் இருந்த சுழல் துப்பாக்கி மேடையின் பெயர் ஃப்ரேசர் நாஷ்! கார் நிறுவனத்தை விட்டு விலகிய ஆர்ச்சிபால்ட் நாஷ், திரவ அழுத்தத்தால் சுழலும் அத்தகைய மேடைகளை வடிவமைப்பவராக மாறியிருந்தார்.

அதைக் காண ஃபேன் இல்லை. 1942 ஜூலை 18 அன்று வேவுப் பறப்பு முடிந்து திரும்புகையில், பார்வை மறைக்கும் வானிலையில் தாழப் பறந்து, கேம்பிரிட்ஜ்ஷயரின் டக்ஸ்ஃபோர்டு அருகே விழுந்து இறந்தார். முப்பதை ஒட்டிய வயது.

இத்தகைய ஒருவரின் துணிவைக் குறைத்து மதிப்பிட எனக்கு எண்ணமில்லை. ஆயுதமின்றித் தனியாக வடகடல் தாண்டிய மனிதர். அவரைப் 'பிரிட்டிஷ் வீரர்' என்பதும் பொய்யன்று. ஆயினும் அந்த இரு சொற்களோடு நிறுத்திக்கொண்டால், நிலக்கரி வயலும் ஆர்மீனியர் வந்த வழியும் அங்கேயே அறுந்துவிடுகின்றன. அவரைத் தேடுபவர் எஃப் வரிசைக்குப் போவார். வங்காள நிலக்கரி வரலாற்றைத் தேடுபவர் ஏ வரிசைக்குப் போவார். இருவரும் சந்திக்கமாட்டார்கள்.

பெயரடைவு தயாரிக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பின்னாளில் வழங்கிய பெயருக்கு ஓர் அட்டை போதாது. பிறப்பில் இட்ட பெயருக்கும் ஓர் அட்டை எழுதுங்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி காட்டுங்கள். என் பெட்டியில் நேற்று இரண்டு அட்டைகள் சேர்ந்தன. முதலாவது: 'அகாபெக், ஆல்ஃபிரட் ஃபேன் பியர்ஸ். காண்க: ஃபேன்.' இரண்டாவது: 'நாக்ஸ்பேட்டை. காண்க: மர்பி டவுன்.'