ரவை இட்லியும் ஆயத்த மாவும்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில், சேலையூரையும் ராஜகீழ்ப்பாக்கத்தையும் சுற்றியுள்ள எந்த மளிகைக் கடையிலும் இரண்டு வகை இட்லி மாவைக் காணலாம். ஒன்று, அலமாரியில் மாதக்கணக்கில் இருந்தாலும் கெடாத உலர்ந்த பொடி. மற்றொன்று, குளிர்ப்பெட்டியில் வைக்கப்பட்டு இரண்டு மூன்று நாளில் தீர்ந்துபோக வேண்டிய ஈரமாவு. முன்னதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டை எட்டிய வரலாறு உண்டு. அது தொடங்கிய இடம் ஆலையன்று. பெங்களூரின் லால்பாக் தோட்டத்தை அடுத்த ஓர் உணவு விடுதியின் சமையற்கட்டு.

உடுப்பிக்கு அருகிலுள்ள பாறம்பள்ளியைச் சேர்ந்த மையா சகோதரர்கள் சமையல் தொழிலை நம்பிப் பெங்களூருக்கு வந்தவர்கள். 1924இல் அவர்கள் தொடங்கிய சிறு விடுதிக்குப் ‘பிராமின் காபி கிளப்’ என்று பெயர். அக்காலத்துத் தென்னிந்திய ஹோட்டல்களின் பெயர்ப்பலகைகளில் சாதி எவ்வளவு இயல்பாக இடம்பெற்றிருந்தது என்பதற்கு இப்பெயரே சான்று. சகோதரர்களுள் யக்ஞநாராயண மையா 1951இல் ஐரோப்பா சென்று, அங்குள்ள உணவு விடுதிகள் நடைபெறும் முறையை நேரில் கண்டார். ஊர் திரும்பியதும் பாத்திரங்களை நீராவியில் தூய்மை செய்யும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். வருவோர் சமையற்கட்டைப் பார்த்துக்கொண்டே உள்ளே வரும்படி வழி அமைத்தார். 1960இல் விடுதி லால்பாக் சாலையிலுள்ள கட்டடத்துக்கு மாறியபோது ‘மாவள்ளி டிபன் ரூம்ஸ்’ என்று பெயரும் மாறியது. எம்.டி.ஆர். என்பது இதன் சுருக்கமே.

இந்த வரலாற்றின் முதல் திருப்பம் உலகப் போர்க்காலத்தில் நிகழ்ந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படைகள் ரங்கூனைக் கைப்பற்றியதும் பர்மா அரிசி வருவது நின்றது. சென்னை மாகாணத்தைப் போலவே மைசூர் சமஸ்தானமும் அரிசிக்குத் தவித்தது. இட்லி விற்றுப் பிழைக்கும் விடுதிக்கு அரிசி இல்லையென்றால் வேறு என்ன வழி? மையாக்களின் விடுதியில் அரிசிக்குப் பதிலாகக் கோதுமை ரவையை வறுத்து, தயிரில் கரைத்து, சோடா உப்புச் சேர்த்து, இட்லித் தட்டில் வார்த்து வேகவைத்தனர். முந்திரியும் கடுகும் தாளித்த அந்த ரவை இட்லி, போர் முடிந்து அரிசி வந்த பிறகும் விடுதியை விட்டுப் போகவில்லை.

இந்தப் பலகாரத்தின் உண்மையான சிறப்பு சுவையில் மட்டும் இல்லை. அரிசி இட்லி உயிருள்ள மாவில் பிறப்பது. ஊறவைத்து அரைத்த உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே வாழும் நுண்ணுயிர்கள் இரவு முழுவதும் வேலை செய்து மாவைப் புளிக்கவைத்துப் பொங்கச் செய்கின்றன. உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைக்கிறது. இந்த உயிர்ப்பைக் காகிதப் பையில் அடைத்து விற்க இயலாது. ரவை இட்லிக்கோ அரைக்கவும் வேண்டாம், புளிக்கவும் வேண்டாம். தயிரின் புளிப்பும் சோடா உப்பும் கூடும் கணத்திலேயே மாவு பொங்கிவிடும். அரிசிப் பஞ்சத்துக்காகச் செய்த மாற்றுப் பண்டம், யாரும் எண்ணிப்பாராமலே, பொட்டலத்தில் அடைப்பதற்கு ஏற்ற முதல் இட்லியாக அமைந்துவிட்டது. அதன் பயன் தெரிய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. விலைவாசியைக் கட்டுக்குள் வைத்துக் காட்டுவதில் அரசு முனைந்து நின்ற காலம் அது. ஹோட்டல் பண்டங்களுக்கும் மிகக் குறைந்த விலை விதிக்கப்பட்டது. அந்த விலையில் விற்க வேண்டுமானால் நெய்யைக் குறைக்க வேண்டும், காபியை நீர்க்கச் செய்ய வேண்டும். பல விடுதிகள் அப்படித்தான் பிழைத்தன. மாவள்ளி விடுதி பண்டத்தின் தரத்தை மாற்றாமலே விற்று, அன்றன்று நேர்ந்த நட்டத்தை வாசலில் எழுதி வைத்தது என்று பெங்களூர்க்காரர்கள் இன்றும் சொல்வதுண்டு. எத்தனை நாளைக்கு அப்படி நடத்த முடியும்? இறுதியில் விடுதி மூடப்பட்டது.

விடுதிதான் மூடப்பட்டதேயன்றி அதில் வேலை செய்தோரின் வயிறு மூடப்படவில்லை. தட்டில் வைத்துத் தரும் இட்லிக்கு விலைக் கட்டுப்பாடு உண்டு. வீட்டில் செய்துகொள்ளும்படி பொட்டலத்தில் தரும் மாவுக்கு அது இல்லை. விடுதியை ஒட்டிக் கடை ஒன்றைத் திறந்து, ரவை இட்லி மாவையும் சாம்பார்ப் பொடி, ரசப்பொடி வகைகளையும் விற்கத் தொடங்கினர். இத்துறையில் அவர்கள் முதல்வர்கள் அல்லர். ‘கிட்ஸ்’ நிறுவனம் 1963லேயே ஆயத்த மாவுத் தொழிலில் இறங்கியிருந்தது. ஆனால் அரை நூற்றாண்டாக ஊரார் நாவறிந்த ஒரு சமையற்கட்டின் பெயரோடு வந்த பொட்டலம் இது. வாங்கியவர்கள் மாவை மட்டுமல்ல, மூடிக் கிடந்த ஒரு விடுதியின் நினைவையும் சேர்த்தே வாங்கினர் எனலாம். விடுதி மீண்டும் திறக்கப்பட்டபோது அதன் துணைத்தொழில் தாய்த்தொழிலை மிஞ்சி வளர்ந்திருந்தது. சதானந்த மையா இந்த உணவுப்பொருள் நிறுவனத்தைப் பெருந்தொழிலாக்கினார்.

அடுத்த படிக்கு மைசூர் உதவியது. 1961இல் அங்கு நிறுவப்பட்ட பாதுகாப்புத் துறையின் உணவு ஆய்வுக்கூடம், எல்லையில் நிற்கும் வீரர்களுக்காக, சமைத்த உணவைப் பல அடுக்குப் பைகளில் அடைத்துக் காக்கும் முறையை உருவாக்கியிருந்தது. பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் ஒட்டிய பையில் உணவை இட்டு முத்திரையிட்டு, நீராவி அழுத்தத்தில் ஏறத்தாழ 121 பாகை வெப்பத்துக்கு உட்படுத்தினால், பதப்படுத்தும் மருந்து எதுவும் இல்லாமலே அது மாதக்கணக்கில் கெடாது. 1810இல் பிரெஞ்சுக்காரர் அப்பேர் நூலாக வெளியிட்ட கண்ணாடிக் குடுவை முறையின் வழித்தோன்றலே இது. ராணுவத்துக்காகப் பிறந்த இந்த நுட்பத்தைப் பெற்று, எம்.டி.ஆர். நிறுவனம் பிசிபேளாபாத் முதலியவற்றைச் சுடவைத்தால் உண்ணும் நிலையில் விற்றது. வெளிநாடு செல்லும் மாணவர்களின் பெட்டிகளில் ஊறுகாய்க்கு அருகே இப்பைகளும் இடம்பிடித்தன.

இட்லியை அன்றாட உணவாகக் கொண்ட தமிழ்நாட்டில் இப்பெருந்தொழில் ஏன் முதலில் தோன்றவில்லை என்று கேட்கலாம். தமிழ் வீடுகள் மாவைக் கைவிட விரும்பவில்லை. அரைக்கும் உழைப்பை மட்டுமே கைவிட விரும்பின என்பதே பொருத்தமான விடையாகத் தோன்றுகிறது. 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சாரத்தில் சுழலும் மாவரைக்கும் கல்லை உருவாக்கியபோது, பெண்களின் தோளை முறித்த ஆட்டுக்கல்லுக்கு மாற்று கிடைத்துவிட்டது. புளிப்பு பழையபடியே தங்கிற்று. தமிழ்நாட்டின் ஆயத்தப் பொருள் தொழில் வேறு பக்கம் வளர்ந்தது: நெருக்கடி நிலை வந்த அதே 1975இல் ஈரோட்டில் மஞ்சள் வணிகமாகத் தொடங்கிய சக்தி நிறுவனமும், 1995இல் சென்னையில் தொடங்கிய ஆச்சி நிறுவனமும் குழம்புப் பொடிகளையே முதன்மையாகக் கொண்டன. 1931 முதல் மின்சார ரயில் ஓடும் தாம்பரம் வழித்தடத்தில் காலையில் கிளம்பி இரவில் திரும்பும் கணவனும் மனைவியும் பெருகியபோது, தெருமுனையில் அரைத்து விற்கும் ஈரமாவு அவர்களுக்குக் கைகொடுத்தது. அந்தத் தெருமுனைத் தொழிலையும் பெருநிறுவனமாக்கிக் காட்டியவர்கள் பெங்களூரில்தான் இருந்தனர். வயநாட்டைச் சேர்ந்த முஸ்தபாவும் அவருடைய உறவினர்களும் 2005இல் தொடங்கிய ‘ஐடி’ நிறுவனம், உயிருள்ள மாவையே பையில் அடைத்துக் குளிர்வண்டிகளில் ஊர் ஊராக அனுப்பியது.

2007இல் எம்.டி.ஆர். உணவுப்பொருள் நிறுவனத்தை நார்வே நாட்டு ஆர்க்லா குழுமம் ஏறத்தாழ 10 கோடி டாலருக்கு வாங்கியது. 1654இல் சுரங்கத் தொழிலாகத் தொடங்கிய அக்குழுமத்தின் கையில், பின்னர் கேரளத்து ஈஸ்டர்ன் மசாலாவும் சேர்ந்தது. சதானந்த மையா தம் குடும்பப் பெயரிலேயே ‘மையாஸ்’ என்னும் வேறொரு நிறுவனத்தைத் தொடங்கினார். லால்பாக் சாலை விடுதி மட்டும் விற்பனையில் சேராமல் மையா குடும்பத்திடமே தங்கியது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலும் அதற்கு ஒரு கிளை உண்டு. அங்கே தட்டில் வரும் ரவை இட்லியும், அதே சாலையின் கடைகளில் பொட்டலத்தில் கிடைக்கும் ரவை இட்லி மாவும் ஒரே மூன்றெழுத்துப் பெயரைத் தாங்கியிருக்கின்றன. உரிமையாளர்கள் வேறு வேறு.