தலைக்கு வந்தது…

கொல்கத்தாவின் பவானிப்பூரில் இந்திர ராய் ரோடு என்றொரு தெரு உண்டு. யாரோ பழைய ஜமீன்தார் என்று தோன்றும். ஆனால் அந்தப் பெயருக்குரிய இந்திரலால் ராய் ஒரு போர் விமானி. 1898இல் இதே நகரில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்காகப் பறந்தார். 1918 ஜூலையில், இரண்டே வாரத்துக்குள் பத்து எதிரி விமானங்களை வீழ்த்திய கணக்கு அவர் பெயரில் இருக்கிறது. அதே ஜூலை 22 அன்று அவரும் வீழ்ந்தார். வயது 19.

அன்றைய விமானிகளின் தலையில் இருந்தது வெறும் தோல் தொப்பி. விமானிக்கு மேலே கூரை கிடையாது. உயரத்துக் குளிரும் முகத்தில் அறையும் காற்றும்தான் முதல் எதிரிகள். காது விறைக்காமல் காப்பதோடு தொப்பியின் வேலை முடிந்தது. அடியைத் தாங்க அதற்குத் தெம்பில்லை.

1942 டிசம்பர் 20 இரவு ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாவின் மீது குண்டு வீசின. அந்த இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மைதானத்தை ஒட்டிய ரெட் ரோடே ஓடுபாதையானது. ஹரிக்கேன் விமானங்கள் நடுநகரில் இறங்கி ஏறின. இதற்குள் விமானிக்குக் கண்ணாடிக் கூரை வந்துவிட்டது, ரேடியோவும் வந்துவிட்டது. தொப்பி இப்போது காதொலிக் கருவிக்கு வீடு. முன்னால் மாட்டிய ஆக்சிஜன் முகமூடிக்குள் மைக். வங்கத்துப் புழுக்கத்தில் தோலை மாட்டிக்கொண்டு உட்கார முடியுமா? வெப்ப நாடுகளுக்கென்று காக்கித் துணியில் தைத்த தொப்பிகள் வந்தன.

முதலில் இங்கிலாந்திலும் பின்னர் பர்மா முனையிலும் பறந்த சீக்கிய விமானி மொஹிந்தர் சிங் புஜ்ஜி, தலைப்பாகையைக் கழற்ற மறுத்தவர். அதன் மேலேயே காதொலியை மாட்டிக்கொண்டார். இங்கிலாந்துக் கரையில் விமானம் மோதி இறங்கியபோது தன்னைக் காத்தது தலைப்பாகையின் மடிப்புகள்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன கதை, எழுத்துக்கு எழுத்து!

ஜெட் வந்ததும் துணியும் தோலும் போதவில்லை. விமானம் குலுங்கினால் தலை கூரையில் மோதும். இருக்கையோடு வெளியே எறியப்பட்டால் காற்றே சுவராகும். துணித் தொப்பியின் மேல் கெட்டி ஓடு ஏறியது. 1971 நவம்பர் 22 அன்று டம்டமிலிருந்து கிளம்பிய இந்தியாவின் நான்கு நாட் ஜெட் விமானங்கள், பொய்ராவின் மேலே பாகிஸ்தானின் சேபர் ஜெட்களை மறித்தன. பாராசூட்டில் குதித்துச் சிறைப்பட்ட இருவரில் ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. தப்பிய அந்தத் தலைதான் பின்னாளில் பாகிஸ்தான் விமானப்படைக்கே தலைமை தாங்கியது.

1980களில் இந்தியாவுக்கு வந்த மிக்-29 போர் விமானம், தலைக்கவசத்துக்குக் கண் கொடுத்தது. விமானி தலையைத் திருப்பிப் பார்க்கும் இலக்கை ஏவுகணையும் பார்க்கும்.

குளிர், காது, மண்டை, கண் என்று ஒவ்வொரு வேலையாகத் தலையில் ஏற்றிவிட்டோம். சுமப்பது யார்? ஒன்றரைக் கிலோ கவசம், ஒன்பது மடங்கு ஈர்ப்பில் விமானம் திரும்பும்போது பதின்மூன்றரைக் கிலோவாகக் கழுத்தில் உட்காரும்.

அந்தக் கழுத்தின் கதை அடுத்த வாரம்.